மாமரம் முட்டைக் கலத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தது?

வணக்கம் ஐயா,

செவ்வரத்தம்பூவை அறுத்துப் பார்ப்பது பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு நானும் மகளும் பிளேட்டோடு உட்கார்ந்தோம். அவள் ஏ.எல். பயோ படிக்கிறாள். பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் முட்டைக் கலங்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் என்று படித்தவள், "அப்போ எங்கட மாமரம் இவ்வளவு வருசமா அதை எங்க ஒளிச்சு வச்சிருந்தது?" என்று கேட்டாள். நோட்ஸில் "சூல்வித்தில் மாவித்தித் தாய்க்கலம் உருவாகும்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. அந்தக் கலத்தை யார் தெரிவு செய்வது? டியூஷன் சேர் "அது சோதனைக்கு வராது" என்று முடித்துவிட்டார்.

— ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

அன்பின் சகோதரிக்கு,

சோதனைக்கு வராதுதான். ஆனாலும் மகளிடம் சொல்லுங்கள், மரம் எதையும் ஒளித்து வைக்கவில்லை. நமக்குக் கருவில் சில கிழமைகளிலேயே இனப்பெருக்கக் கலங்கள் தனியாகப் பிரிந்துவிடும். மரத்தில் அந்த ஏற்பாடே கிடையாது. இலையும் கிளையும் போட்டுக்கொண்டிருந்த அதே நுனிக் கலங்களின் வழிவந்தவைதான் பூவாகின்றன. பூவுக்குள் சூல்வித்து (பின்னால் விதையாகப் போவது) தலைகாட்டிய பிறகுதான் அதில் ஒரு கலம் வேறு வழிக்குத் திரும்புகிறது. (தமிழ்நாட்டு நண்பர்கள் கலம் என்பதைச் செல் என்றும், செவ்வரத்தையைச் செம்பருத்தி என்றும் வாசித்துக்கொள்ளுங்கள். எங்கள் பாடப்புத்தகம் விட்ட பழக்கம்.)

செவ்வரத்தையின் சூலகத்தைக் குறுக்கே வெட்டியபோது ஐந்து அறைகளும் அவற்றில் வெள்ளைப் பொட்டுகளும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு பொட்டும் ஒரு சூல்வித்து. அது இன்னும் சின்னதாக, மொட்டுக்குள் ஒரு விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த காலத்தில், நுனித் தோலுக்கு அடுத்த வரிசையில் ஒரே ஒரு கலம் மட்டும் பருத்திருக்கும். நோட்ஸ் ஒரு வரியில் கடந்துபோன மாவித்தித் தாய்க்கலம், முட்டைக் கலத்தின் மூதாதை, அதுதான்.

அதைக் கிளப்பிவிடும் மரபணு ஒன்றை 1999இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. அராபிடோப்சிஸ் என்ற கடுகு இனச் செடியில் அது பழுதானால் பூ பூக்கும், ஆனால் மகரந்தக்கூட்டிலும் சரி சூல்வித்திலும் சரி, வித்தித் தாய்க்கலம் (மகரந்தத்துக்கும் முட்டைக் கலத்துக்கும் மூலமான கலம்) உண்டாகாது. அதனால் ஒரு குழு அதற்கு ஸ்போரோசைட்லெஸ், அதாவது 'வித்தித் தாய்க்கலம் இல்லாதது' என்று பெயர் வைத்தது. சமைக்கிற ஆளுக்கு 'சோறில்லை' என்று பெயர் வைத்த மாதிரி! மரபணுக்காரர்களின் வழக்கம் அது. கெட்டுப்போனால் என்ன நடக்கிறதோ அதையே பெயராக்கிவிடுவார்கள்.

சரி, கிளப்பிவிட ஒரு மரபணு இருக்கிறது. ஏன் ஒரே ஒரு கலம்? எனக்கு இந்த விசயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். மெக்சிகோவில் ஓர் ஆய்வுக்குழு 2010இல் ஆர்கோனோட் 9 என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்தது. உடனே ஒரு சூல்வித்தில் ஒன்றுக்குப் பதிலாகப் பல கலங்கள் பருத்து நின்றன. சில, ஒடுக்கற்பிரிவையே (மரபணுத் தொகுதியைப் பாதியாக்கும் கலப்பிரிவு) தாண்டிக் குதித்து முளையப்பை (முட்டைக் கலம் இருக்கும் பை) ஆகவும் வெளிக்கிட்டன. வேடிக்கை என்னவென்றால், அந்த மரபணு உண்டாக்கும் புரதம் தெரிவான கலத்தில் இருப்பதில்லை; பக்கத்துக் கலங்களில்தான் இருக்கிறது. அதாவது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அந்தத் தகுதி உண்டு, அவர்களை அடக்கி வைத்திருப்பதால்தான் ஒருவர் மட்டும் எழும்புகிறார். சோளத்தில் மேக்1 என்ற மரபணு பழுதானாலும் இதே கூத்துத்தான்.

ஆண் பக்கத்தில் இன்னும் விசித்திரம். மகரந்தக்கூட்டின் உள்ளே காற்றுப் புகாத நடுப்பகுதியில் ஒட்சிசன் குறைவு. அந்தக் குறைவே அங்கிருக்கும் கலங்களுக்குச் சைகையாகிறது. ஸ்டான்ஃபோர்டில் இரண்டு ஆய்வாளர்கள் சோளச் செடிக்குள் குழாய் விட்டு வாயு செலுத்திப் பார்த்து 2012இல் அறிவித்தார்கள்: நைதரசனை உள்ளே விட்டால் வித்தித் தாய்க்கலங்கள் கூடுகின்றன, ஒட்சிசனை உள்ளே விட்டால் குறைகின்றன.

தெரிவான பிறகு நடப்பது மகளின் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒடுக்கற்பிரிவில் நான்கு வித்திகள், அவற்றில் மூன்று இறந்துபோகும், மிஞ்சியதன் கரு மூன்று தடவை பிரிந்து 8 கரு, 7 கலம். அதில் ஒன்றுதான் அவள் தேடிய முட்டைக் கலம். ஆக, மாமரத்தில் அதன் வயது மொட்டின் வயதை விடக் குறைவு.

இதை ஏன் இவ்வளவு பேர் நோண்டுகிறார்கள் என்றால், காரணம் வயிறு. கலப்பின நெல்லின் விதையை எடுத்து வைத்து அடுத்த போகத்துக்கு விதைத்தால் பயிர் ஒரே மாதிரி வராது. ஒடுக்கற்பிரிவு சீட்டுக்கட்டைக் கலைத்துவிடும். 2019இல் கலிபோர்னியாவில் நெல்லில் மூன்று மரபணுக்களை முடக்கி அந்தக் கலைப்பை நிறுத்தினார்கள். கூடவே, கருக்கட்டலுக்குப் பிறகு வழக்கமாக ஆணின் பிரதியிலிருந்து முதலில் இயங்கி முளையத்தைத் தொடக்கிவிடும் ஒரு மரபணுவை முட்டைக் கலத்திலேயே இயங்க வைத்தார்கள். தாயின் அச்சு அசலாக விதை கிடைத்தது. எல்லா விதையிலும் அல்ல, ஒரு பங்கில்.

மங்குஸ்தான் இதையெல்லாம் ஆய்வுகூடம் இல்லாமலே செய்துகொண்டிருக்கிறது. அதன் பூவில் மகரந்தம் உருப்படியாக உண்டாவதில்லை. விதை, கருக்கட்டலே இல்லாமல், தாயின் இழையத்திலிருந்து நேரே வருகிறது. இந்த முறை களுத்துறைப் பக்கமிருந்து பழம் வந்திறங்கும்போது ஒரு கிலோ வாங்குங்கள். உடைக்க முதல் மகளிடம் பழத்தைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அடியில் சின்னப் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும். அதன் இதழ்களை எண்ணிவிட்டு உடைத்தால் உள்ளே அத்தனை சுளை. அந்தத் தழும்பு பூவின் குறி (சூல்முடி), மகரந்தம் வந்து விழ வேண்டிய இடம். பெரிய சுளையைக் கடிக்கும்போது மட்டும் கவனம், விதை அதற்குள்தான் இருக்கும்.