கேள்வி-பதில்: வரியை ஏற்றினால் போட்டி ஒழியுமா?

கே: இறக்குமதி வரியைக் கட்டுவது சரக்கை அனுப்பும் நாடுதானே? (தேவகோட்டை)

ப: இல்லை. எத்தனை தடவை எழுதுவது? துறைமுகத்தில் கட்டுவது இங்கே இறக்குமதி செய்பவர். அப்புறம் அது உங்கள் பில்லில் ஏறும்.

கே: பலகாரக் கடை வைத்திருக்கிறேன். எண்ணெய் வித்து விவசாயிக்காக ஏற்றிய வரியை அரசே ஏன் குறைத்தது? (காரைக்குடி)

ப: 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில் வரி ஐந்தரையிலிருந்து 27 சதவீதத்துக்கு மேல் போனது. பாதிக்கு மேல் எண்ணெயை வெளியிலிருந்து வாங்கும் நாட்டில் விலை ஏறாமல் என்ன செய்யும்? தேன்குழல், சீப்புச் சீடை எல்லாம் அந்தச் சட்டியில்தானே வேகிறது. 2025 மே கடைசியில் 16 சொச்சத்துக்கு இறக்கினார்கள். வரி கேட்கும் முன், வாங்குகிறவர் யார் என்று பாருங்கள்.

கே: எதிரி நாடு வளர்வதைப் பார்த்துக்கொண்டே வல்லரசுகள் கதவைத் திறந்து வைப்பது கோழைத்தனம் இல்லையா? (பள்ளத்தூர்)

ப: கோழைத்தனம் இல்லை, கணக்கு. 1879ல் ஜெர்மனியும் 1890ல் அமெரிக்காவும் வரியை ஏற்றின, எஃகில் பிரிட்டனை முந்தவும் செய்தன. பிரிட்டன் அசையவில்லை. 1903ல் பிரிட்டிஷ் அரசியல்வாதி ஜோசப் சேம்பர்லின் வரி வேண்டுமென்று ஊர் ஊராகப் பேசினார்; எதிரணி, வரியில்லாவிட்டால் பெரிய ரொட்டி, வரி போட்டால் சின்ன ரொட்டி என்று படம் போட்டுக் காட்டியது. 1906 தேர்தலில் அவர் அணி மண்ணைக் கவ்வியது. ரொட்டி மட்டும் காரணமில்லை, லண்டன் உலகத்துக்கே கடன் கொடுத்திருந்தது, கடன் வாங்கியவன் சரக்கை விற்றால்தான் வட்டி வரும், அவன் சரக்குக்கு நாமே கதவடைத்தால் எங்கிருந்து கட்டுவான்?

பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போய், வட்டிக்குக் கடன் கொடுத்த நகரத்தார் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதுதான் எனக்கு எரிச்சல். கடன் வாங்கியவன் சரக்கு விலைபோகாவிட்டால் என்ன ஆகும் என்று அங்கேயே பார்த்தோமே. 1930ல் நெல் விலை சரிந்தது, பர்மா விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையிலிருந்த நிலம் 6 சதவீதத்திலிருந்து 1938க்குள் 25 ஆனது. கேட்டது பணம், வந்தது வயல். அதுவும் பின்னால் போயிற்று. பிரிட்டன் கடைசியில் இறக்குமதிக்குப் பொது வரி போட்டது 1932ல், உலக வியாபாரமே படுத்த பிறகு.

கே: அமெரிக்கா ஜப்பான் காரைத் தடுத்ததே? (கானாடுகாத்தான்)

ப: 1981ல், வருஷத்துக்குச் சுமார் 17 லட்சம் கார் என்று ஜப்பானே கட்டுப்படுத்திக்கொண்டது. எண்ணிக்கைக்குத்தானே வரம்பு? விலை கூடின கார்களாக அனுப்பினார்கள். வாங்குகிறவர் யார் என்று பாருங்கள், மறுபடியும்.

கே: சீன டைல்ஸைத் தடுத்தால் நம் ஆத்தங்குடி கைவினை டைல்ஸ் தொழில் பிழைக்குமா? (பெயர் வேண்டாம்)

ப: கடையில் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படித்தீர்களா? பெரும்பாலும் குஜராத் மோர்பி என்றிருக்கும். குஜராத்துக்கு எந்தச் சுங்கச்சாவடியில் வரி போடுவீர்கள்?