யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: "நாங்கள் கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட நெட்வொர்க்கில் யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை ஓசியில் ஓடி லாபம் பார்க்கின்றன, அவர்களும் பங்கு தர வேண்டும்" என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சொல்வது நியாயமா?

நியாயம் இல்லை என்பதே என் பதில். கொங்குப் பகுதியில் ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனத்தில் பேண்ட்வித் (டேட்டா போகும் கொள்ளளவு) வாங்குவதும் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. பணம் வந்தால் எங்களுக்கும் வர வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இந்தக் கோரிக்கை நிறைவேறினால் முதலில் அடிபடப்போவது எங்களைப் போன்றவர்கள்தான். அதைப் புரிந்துகொள்ள, நீங்கள் கட்டும் மாதக் கட்டணம் எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டு இணைப்புக்கு நீங்கள் தரும் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி அரசுக்குப் போகிறது. உரிமக் கட்டணம் என்று, ஏஜிஆர் எனப்படும் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 8 சதவீதம் தனி. அப்புறம் தெருவில் கேபிள் இழுத்து, வீட்டுக்கு வந்து பணம் வசூலித்து, மோடம் வேலை செய்யவில்லை என்றால் ஓடிவரும் உள்ளூர் கேபிள்காரரின் பங்கு. மீதமிருப்பதில்தான் பேண்ட்வித், கம்ப வாடகை, கரண்ட் பில், சம்பளம், ஓஎல்டி (எங்கள் பக்கத்திலிருந்து வீடுகளுக்கு ஃபைபரில் டேட்டா அனுப்பும் பெட்டி), ரௌட்டர் எல்லாம் அடங்க வேண்டும். இதில் உயிரை வாங்குவது கடைசி இரண்டு கிலோமீட்டர். சாலையை அகலப்படுத்தினால் ஃபைபர் போகும். குடிநீர்க் குழாய்க்கு ஜேசிபி தோண்டினால் போகும். நள்ளிரவில் மழையில் நின்று அறுந்த ஃபைபரை ஒட்டி ஸ்பிளைஸ் செய்கிற பையனுக்குச் சம்பளம் தர வேண்டும். ஓஎல்டியின் ஒரு போர்ட்டில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் வரும், அதை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்போம். வயர் போட்ட பிறகு ஒரு வீட்டில் மாதம் 20 ஜிபி பார்த்தாலும் 300 ஜிபி பார்த்தாலும் அந்த வயரின் செலவு மாறுவதில்லை.

மாறுவது மேலிருந்து வாங்கும் பேண்ட்வித்தின் செலவு. அதுவும் மொத்த ஜிபியைப் பொறுத்தது அல்ல. டிரான்சிட், அதாவது மற்ற இணையத்தோடு எங்களை இணைக்கும் சேவையை, விற்பவர்கள் பரவலாக வைத்திருக்கும் முறை 95 பர்சென்டைல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு வேகத்தில் டேட்டா போகிறது என்று அளப்பார்கள். மாதக் கடைசியில் அளவுகளை வரிசைப்படுத்தி, உச்சியில் உள்ள 5 சதவீதத்தைத் தள்ளிவிட்டு, அடுத்து நிற்கும் அளவுக்குப் பில் போடுவார்கள். முப்பது நாள் மாதத்தில் 720 மணி நேரம் என்றால் 36 மணி நேரம் கணக்கில் வராது. விடியற்காலை மூன்று மணிக்கு யாரோ பெரிய கேம் ஒன்றை இறக்கினால் எங்களுக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை, அதிலும் ஐபிஎல் நடக்கும் மாதங்களில், எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் பார்ப்பதுதான் பில்லை ஏற்றுகிறது. அதனால் "மொத்த டிராஃபிக்கில் இத்தனை சதவீதம் அந்த நான்கைந்து கம்பெனிகளுடையது" என்று யாராவது சொன்னால், அது செலவுக் கணக்கு ஆகாது.

அடுத்த விஷயம், அந்த டேட்டாவைக் கேட்டது யார்? யூடியூப் தானாக வந்து எங்கள் வயரில் ஏறுவதில்லை. எங்களுக்குப் பணம் கட்டிய வாடிக்கையாளர் கேட்டார், வந்தது. வீடியோவே இல்லையென்றால் 100 எம்பிபிஎஸ் இணைப்பை யார் வாங்குவார்கள்? பஸ்ஸில் ஏறியவரிடம் டிக்கெட் கொடுத்துவிட்டு, அவர் இறங்கிப் போகிற ஜவுளிக்கடையிடமும் காசு கேட்பது போன்ற கோரிக்கை இது.

அந்த நிறுவனங்கள் செலவே செய்வதில்லை என்பதும் உண்மையில்லை. கூகுளும் மெட்டாவும் கடலடிக் கேபிள்களில் சொந்தமாக முதலீடு செய்கின்றன. 2012-ல் நெட்ஃபிளிக்ஸ் 'ஓப்பன் கனெக்ட்' என்ற ஏற்பாட்டை அறிவித்தது. போதுமான டிராஃபிக் உள்ள இணையச் சேவை நிறுவனங்களுக்குக் கேஷ் (cache) சர்வர் பெட்டியை, அதாவது அடிக்கடி பார்க்கும் படங்களின் நகலை வைத்திருக்கும் கணினியை, இலவசமாகத் தரும், ரேக் இடமும் மின்சாரமும் மட்டும் நம்முடையது. கூட்டம் இல்லாத நேரத்தில் படங்கள் அந்தப் பெட்டியில் நிரப்பப்படும், மாலையில் அங்கிருந்தே வீடுகளுக்குப் போகும், டிரான்சிட்டைத் தொடாது. கூகுளும் இதே மாதிரி கேஷ் வைக்கிறது. இந்தத் தொழிலில் செலவைக் குறைக்கும் வழிகளில் இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரிந்து வேறில்லை.

நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று இணைவதே பெரும்பாலும் பேச்சளவில்தான். 2011-ல் நடந்த ஓர் ஆய்வில் 1,42,000-க்கும் மேற்பட்ட பீரிங் (இரு நெட்வொர்க்குகள் நேரடியாக இணைவது) உடன்பாடுகளைப் பார்த்தபோது, எழுத்தில் ஒப்பந்தம் போட்டவை அரை சதவீதம்கூட இல்லை. இருவருக்கும் லாபம் என்பதால் காசு பேசாமல் இணைகிறார்கள். சிக்கல் வருவது ஒரு பக்கம் மிகப் பெரிதாக வளரும்போது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை அடைய அந்த நிறுவனத்தின் வாசல் வழியாக மட்டுமே போக முடியும். அமெரிக்காவில் 2013 கடைசியில், அங்கே பெரிய இணையச் சேவை நிறுவனமான காம்காஸ்ட்டின் இணைப்புகளில் நெட்ஃபிளிக்ஸ் தடுமாறியது, இணைப்பு முனைகளில் நெரிசல். 2014 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் நேரடி இணைப்புக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது, வேகம் சரியானது. வாசலைக் கையில் வைத்திருப்பவரின் பலம் அது.

இதைச் சட்டமாகவே ஆக்கினால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா காட்டிவிட்டது. 2016-ல் அங்கே பெரிய நெட்வொர்க்குகளுக்கு இடையே, டேட்டாவை அனுப்புகிறவர் பெறுகிறவருக்குப் பணம் தர வேண்டும் என்று விதி வந்தது. ஃபேஸ்புக்கின் கேஷ், அங்குள்ள பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்றான கேடியில் இருந்தது. மற்ற இரண்டு பெரிய நிறுவனங்களான எஸ்கே பிராட்பேண்ட், எல்ஜி யுபிளஸ் ஆகியவற்றின் வாடிக்கையாளர்கள் அங்கிருந்து பார்க்கப் பார்க்க, கேடி அந்த நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டியதாயிற்று. அந்தச் செலவு ஃபேஸ்புக்கின் தலையில் வந்து விழ, அது அந்த டிராஃபிக்கை வெளிநாட்டு வழியாகத் திருப்பிவிட்டது. மக்களுக்கு ஃபேஸ்புக் மெதுவானது. 2018-ல் ஒழுங்குமுறை ஆணையம் 39.6 கோடி வோன் அபராதம் போட்டது, நீதிமன்றம் பிறகு அதை ரத்து செய்தது. கவனியுங்கள்: வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் கேஷ் வைப்பதுதான் எல்லாருக்கும் மலிவான வழி. அந்த விதி, கேஷ் வைத்தவரையே தண்டித்தது.

நெட்ஃபிளிக்ஸுக்கும் எஸ்கே பிராட்பேண்டுக்கும் 2020-ல் தொடங்கிய வழக்கு 2023 செப்டம்பரில் சமரசமாக முடிந்தது. இருவரும் மலைகள், தாங்கிக்கொண்டார்கள். கேம் விளையாடுவதை நேரலையாகக் காட்டும் தளமான ட்விட்ச் தாங்கவில்லை. 2022-ல் கொரியாவில் மட்டும் படத்தின் தரத்தை 720பி ஆகக் குறைத்தார்கள். அதன் தலைவர் டான் கிளான்சி, மற்ற பெரும்பாலான நாடுகளைவிடக் கொரியாவில் நெட்வொர்க் கட்டணம் பத்து மடங்கு என்று சொல்லி 2023 டிசம்பரில் வெளியேறுவதாக அறிவித்தார். 2024 பிப்ரவரி இறுதியில் மூடினார்கள். அதை நம்பி ஸ்ட்ரீம் செய்துகொண்டிருந்தவர்கள் தங்கள் பார்வையாளர்களை வேறு தளத்துக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. ட்விட்ச் அமேசானுடையது. அவர்களுக்கே இந்த நிலை என்றால் தமிழில் நாலு பேர் சேர்ந்து தொடங்கும் ஒரு வீடியோ தளம் எப்படி நிற்கும்?

இந்தியாவுக்கு வருவோம். 2015 ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ (ஆப் நிறுவனம் பணம் கட்டினால் அந்த ஆப்பைப் பயன்படுத்த வாடிக்கையாளருக்கு டேட்டா செலவில்லை என்ற திட்டம்) வந்தபோது, அதில் சேர்வதாக இருந்த ஃபிளிப்கார்ட் எதிர்ப்பைப் பார்த்து விலகியது. 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து வேறு வேறு டேட்டா கட்டணம் வாங்கக் கூடாது என்று தடை போட்டது, சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸும் அதோடு நின்றது. அந்த விதி வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணத்தைப் பற்றியது. இப்போது கேட்கும் பங்கு, தளங்களிடம் நேராக வாங்குவது. அதனால்தான் மொபைல் நிறுவனங்களின் சங்கமான சிஓஏஐ அதை மறுபடி மறுபடி எழுப்புகிறது.

பெரிய நிறுவனங்களின் கஷ்டம் பொய் என்று சொல்ல மாட்டேன். அலைக்கற்றைக்குக் கொடுத்த பணம் பெரிது, ஏஜிஆர் கணக்கில் அரசுக்குத் தர வேண்டிய பாக்கியும் பெரிது. ஆனால் 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை பாதாளத்துக்குப் போனது அவர்களுக்குள் நடந்த போட்டியால். வீடியோ தளங்கள் அந்த விலையை வைக்கவில்லை. 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ரீசார்ஜ் விலையை ஏற்றின, மக்கள் கட்டினார்கள். செலவை எடுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது.

எங்களுக்கு? பேரம் பேசும் பலம் கோடிக்கணக்கில் வாடிக்கையாளர் வைத்திருப்பவர்களுக்கு உண்டு. சில ஆயிரம் வீடுகள் வைத்திருக்கும் நாங்கள் கூகுளிடம் பில் நீட்ட முடியாது. பெரியவர்களுக்கு அந்தப் பணம் வந்தால் அதை வைத்து இதே தெருவில் எங்களைவிடக் குறைத்து விற்பார்கள். அரசு உண்மையிலேயே இணையச் செலவைக் குறைக்க நினைத்தால் செய்ய வேண்டியவை வேறு: சிறிய நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கேஷைப் பகிர்ந்துகொள்ள வழி, கோவை, மதுரை, திருச்சியில் பலரும் நம்பி இணையும் அளவுக்கு வளர்ந்த இணையப் பரிமாற்ற மையங்கள் (நெட்வொர்க்குகள் ஒரே இடத்தில் இணைந்துகொள்ளும் மையங்கள்), வீட்டு பிராட்பேண்டுக்கு அந்த 8 சதவீத உரிமக் கட்டணத்தில் சலுகை, கம்பத்துக்கும் சாலை தோண்டுவதற்கும் ஊருக்கு ஊர் மாறாத ஒரே கட்டணம். கோவையில் ஒரு வீட்டிலிருந்து பக்கத்துத் தெருவில் வேறு நிறுவன இணைப்பு உள்ள வீட்டுக்குப் போகும் வீடியோ கால் இன்றும் சென்னை வரை போய்த் திரும்பலாம். அந்தத் தூரத்துக்கான செலவும் உங்கள் மாதக் கட்டணத்தில்தான் இருக்கிறது.