குளோசப்பில் நெற்றியும் மூக்கும் வெளுத்துப் போனால்

கேமராவில் மாட்டியிருக்கும் ஃபிளாஷின் தலையை முகத்துக்கு நேராக வைக்காமல் சீலிங்கைப் பார்த்துத் திருப்பிவிடுங்க. அரை மீட்டர் தூரத்தில் ஃபிளாஷ் போட்டு முகத்தை எடுத்தா நெற்றி, மூக்கு வெளுத்து, காதுப்பக்கம் இருட்டுதுன்னு சொல்றீங்க. பவரைக் குறைச்சும் அப்படியேன்னா, பிரச்சினை பவர் இல்லை, தூரம்தான்.

மூக்கு 50 செ.மீ., காது 60 செ.மீ. தள்ளி இருந்தால், தூரக் கணக்குப்படியே (வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏத்தபடி குறையும்) மூக்கில் 1.4 மடங்கு வெளிச்சம் அதிகம். ஒன்றரை மீட்டரில் அதே வித்தியாசம் 1.14 மடங்குதான், கண்ணுக்கே தெரியாது. சீலிங்கில் பட்டு வரும்போது வெளிச்சம் சுத்தி வருது, பரப்பும் பெரிசாகுது. நிழல் மிருதுவாயிடும்.

ஒண்ணு செஞ்சு பாருங்க. முகத்தை டிஷ்யூவால் ஒற்றிட்டு, அதே செட்டிங்கில் நேராகவே இன்னொரு ஷாட். பளபளப்பு பாதி போயிட்டா எண்ணெய்ப் பசையும் கூட்டாளி. (இதை நானே பாதி நாள் மறந்துட்டுத்தான் எடுப்பேன்.)

பச்சை, ரோஸ் பெயின்ட் அடிச்ச சீலிங்னா முகமும் அந்த நிறத்துக்குப் போகும். அப்போ ஃபிளாஷைத் திருப்ப வெள்ளைச் சுவர் தேடுங்க. சீலிங்கில் ஃபிளாஷ் படுற இடத்துக்கு நேர் கீழே ஆள் உட்கார்ந்தா கண்குழி இருட்டும், தாடைக்குக் கீழே ஒரு வெள்ளை சார்ட் பேப்பர் பிடிச்சாப் போதும். சீலிங்கில் பட்டு வரும்போது வெளிச்சம் குறையும்கிறதால, ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு உணரணும்ங்கிற செட்டிங்) 400, 800ன்னு ஏத்த வேண்டியிருக்கும்.