கோளைக் கண்டுபிடித்தது யார்?

அன்புள்ள ஐயா,

செயற்கை நுண்ணறிவு புதிய கோள் ஒன்றையே கண்டுபிடித்துவிட்டது என்று என் மகன் ஒரு காணொளியைக் காட்டினான். கல்லூரியில் இயற்பியல் படிக்கிறான். இனி வானியலாளர்களுக்கு என்ன வேலை என்று கேட்கிறான். என்ன சொல்வது?

க.

அன்புள்ள க.,

அவன் பார்த்தது அநேகமாக கெப்ளர்-90 என்ற விண்மீனின் எட்டாவது கோளைப் பற்றியதாக இருக்கும். 2017 டிசம்பரில் நாசா அறிவித்தது.

கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போனால் வெளிச்சம் கொஞ்சம் மங்கும். கொஞ்சம் என்றால், பூமி அளவுள்ள கோள் சூரியன் போன்ற விண்மீனை மறைத்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! கெப்ளர் தொலைநோக்கி ஒன்றரை லட்சம் விண்மீன்களை நான்கு ஆண்டுகள் இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தது. வெளிச்சம் மங்க வேறு காரணங்களும் உண்டு. ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களாக இருக்கலாம், கருவியின் கோளாறாகவும் இருக்கலாம்.

கூகுளில் இருந்த கிறிஸ்டோபர் ஷாலூவும் வானியலாளர் ஆண்ட்ரூ வாண்டர்பர்க்கும், ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்து நெல் வேறு பதர் வேறாகப் பிரித்துவைத்த 15,000 சமிக்ஞைகளைக் காட்டித்தான் இயந்திரத்தைப் பழக்கினார்கள். அப்புறம், கோள்கள் இருப்பது முன்பே தெரிந்த 670 விண்மீன்களின் தரவை அதனிடம் கொடுத்தார்கள். யாரும் கண்டுகொள்ளாத மெல்லிய மங்கல் ஒன்று, 14.4 நாளுக்கு ஒருமுறை வருவது, அதில் சிக்கியது. அது கோள்தான் என்று சோதித்து உறுதிசெய்தவர்கள் மனிதர்கள். காணொளிகளில் இந்தக் கடைசிப் பகுதி வருவதே இல்லை.

சோதிக்க வழியிருக்கும் இடத்தில் இந்த உதவியை நான் மனதார வரவேற்கிறேன். எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் விஷயத்தில் எனக்குச் சின்னத் தயக்கம் உண்டு. 2019-இல் வந்த படத்தை 2023-இல் இயந்திரக் கற்றல் மூலம் கூர்மையாக்கினார்கள். கருந்துளையைச் சுற்றித் தெரியும் ஒளி வளையம் பாதியாக மெலிந்தது. ஆனால் அந்த முறை பழகியது கருந்துளை எப்படித் தெரியும் என்று கணினியில் கணக்கிட்டு உருவாக்கிய 30,000-க்கும் மேற்பட்ட படங்களில். அவை நம் கோட்பாட்டிலிருந்தே வந்தவை. கோட்பாட்டுக்கு வெளியே ஏதாவது இருந்தால் அது கண்ணில் படுமா? இந்தக் கேள்வியைக் கேட்கவே இயற்பியல் படித்தவர் வேண்டும். மகனிடம் சொல்லுங்கள்.

அவனுக்கு பைத்தான் என்ற நிரல்மொழி தெரியுமானால் இன்னும் நல்லது. கெப்ளர் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஷாலூ குழுவின் நிரலும் 2018-லிருந்து பொதுவில் இருக்கிறது. அந்த 670 போக மற்ற விண்மீன்களில் ஓட்டிப் பார்க்கட்டும்.