ரேட்டிங் 6 போட்டிருக்கிற குட்டி ஊர் ஸ்கூல்ல பிள்ளைங்கள சேக்கலாமா?

கேள்வி: ஹஸ்பண்டுக்கு நியூ ஜெர்சில வேலை, கோயம்புத்தூர்ல இருந்து ஜூன்ல கிளம்புறோம். செப்டம்பர்ல பொண்ணு ஏழாவது போவா, பையன் மூணாவது. ஒரு சின்ன ஊர்ல வீடு பாத்தோம், அந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கே ஒரே ஒரு ஸ்கூல்தான், எட்டாவது வரைக்கும். வெப்சைட்ல ரேட்டிங் பத்துக்கு 6 காட்டுது, அஞ்சாவது மேத்ஸ் ரிசல்ட் ஒரே வருஷத்துல 73 சதவீதத்துல இருந்து 59க்கு இறங்கியிருக்கு. பக்கத்து பெரிய டிஸ்ட்ரிக்ட் ரேட்டிங் 9, ஆனா வாடகை மாசம் 700 டாலர் கூட. எங்க போறதுங்க?

பதில்: முதல்ல அந்த 73, 59 பயத்த விடுங்க. அந்த ஸ்கூல் அஞ்சாவதுல எத்தன பிள்ளைங்கன்னு பாருங்க, சின்ன ஊருன்னா ஒரு 22 பேர் இருக்கலாம், அதுல 16 பேர் தேறுனா 73, 13 பேர் தேறுனா 59, ஆக மொத்தம் மூணே மூணு பிள்ளைங்க வித்தியாசம். நல்லா படிக்கிற ரெண்டு பேர் வீடு மாத்திட்டு போயிட்டா, ஒருத்தனுக்கு பரீட்சை அன்னைக்கு காய்ச்சல்னா போச்சு. ஹோவர்ட் வெய்னர்னு ஒரு புள்ளியியல் நிபுணர், பென்சில்வேனியால 1,662 ஸ்கூல் அஞ்சாவது மார்க்க எடுத்து பாத்தார், ரொம்ப சின்ன ஸ்கூலுங்க 50 எடுத்தா அதுல 6 டாப் 50லயும் 9 கடைசி 50லயும் இருந்துச்சு, ஸ்கூல் அளவுக்கு சம்பந்தமே இல்லன்னா ஒண்ணு ரெண்டுதான் இருந்திருக்கணும். சின்ன எண்ணிக்கைன்னாலே ரெண்டு பக்கமும் ஆடும், அவ்ளோதான் விஷயம். அதனால மூணு வருஷத்த சேத்து பாருங்க, ஒரு வருஷத்த மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்க.

எட்டாவது மேத்ஸ் மார்க் இன்னும் மோசமா தெரியும், அதுக்கும் பதறாதீங்க. எட்டாவதுலயே அல்ஜீப்ரா ஒன், அதாவது ஹைஸ்கூல் கணக்கு, படிக்கிற பிள்ளைங்க அந்த அல்ஜீப்ரா பரீட்சையதான் எழுதுவாங்க, எட்டாவது பேப்பர எழுத மாட்டாங்க, அப்போ அந்த வரில மீதி பேர் மார்க்தான் இருக்கும்.

இப்போ 6க்கும் 9க்கும் வருவோம். ஒரு ஊரோட சராசரி மார்க்ல பாதிக்கு மேல பேசுறது அந்த ஊர்ல யார் குடியிருக்காங்கங்கறதுதான், 1966ல அமெரிக்க அரசுக்காக பண்ணுன கோல்மன் ரிப்போர்ட்டுங்கற பள்ளி ஆய்வுல இருந்து இத சொல்லிட்டேதான் இருக்காங்க. ஸ்கூல் என்ன சொல்லிக் குடுத்துச்சுன்னு தெரியணும்னா வளர்ச்சிய பாக்கணும், அதாவது போன வருஷம் இதே நிலைல இருந்த பிள்ளைங்களோட ஒப்பிட்டா இந்த பிள்ளைங்க எவ்ளோ முன்னேறியிருக்காங்கன்னு. ஸ்டான்ஃபோர்ட்ல ஷான் ரியர்டன் குழு இத நாடு முழுக்க பண்ணுச்சு, ஏழைங்க அதிகமா இருக்கிற சிகாகோல மூணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் அஞ்சு வருஷத்துல ஆறு வருஷ படிப்பு வளர்ச்சி வந்திருந்துச்சு, மார்க்க மட்டும் பாத்திருந்தா அது கண்ணுக்கே பட்டிருக்காது. நியூ ஜெர்சி கல்வித்துறை போடுற ஸ்கூல் பர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்ல வளர்ச்சிக்குன்னு தனி பகுதி இருக்கு, 50ங்கறது நடு. தேர்ச்சி 80 சதவீதம் ஆனா வளர்ச்சி 40, தேர்ச்சி 60 ஆனா வளர்ச்சியும் 60னு ரெண்டு ஸ்கூல் இருந்தா, என் பிள்ளைய ரெண்டாவதுலதான் சேப்பேன்.

அந்த ரிப்போர்ட்ல மக்கள் விவரம் வர்ற பக்கத்த நிதானமா படிங்க. சில வரில நம்பருக்கு பதிலா ஸ்டார் இருக்கும், 10 பேருக்கு கீழ இருந்தா பிள்ளைங்க அடையாளம் தெரிஞ்சுடும்னு மறைக்கிறாங்க, ஸ்கூல் எதையோ ஒளிக்குதுன்னு நினைக்காதீங்க. ஏசியன்னு ஒரே வரில நம்மாளுங்க, சீனாக்காரங்க, வியட்நாம்காரங்க எல்லாரையும் போட்டிருப்பாங்க, அத வச்சு உங்க பையன் எப்படி படிப்பான்னு கணக்கு போட முடியாது. இங்கிலீஷ் கத்துக்கிற பிள்ளைங்க வரி பெரும்பாலும் கீழதான் இருக்கும், ஏன்னா நல்லா கத்துக்கிட்டவங்க அந்த லிஸ்ட்லருந்து வெளிய வந்துடுவாங்க, புதுசா வந்தவங்க உள்ள போவாங்க. ஃப்ரீ லஞ்ச் சதவீதத்தையும் அப்படியே ஏழ்மைன்னு எடுக்காதீங்க, சில ஸ்கூல்ல வருமானம் பாக்காம எல்லாருக்குமே ஃப்ரீ.

உங்க விஷயத்துல எனக்கு கவலை ரேட்டிங் இல்லைங்க, ஹைஸ்கூல்தான். சின்ன டிஸ்ட்ரிக்ட் நிறைய எட்டாவதோட நின்னுடும், அப்புறம் பிள்ளைங்க பக்கத்து ஊருக்கு போவாங்க, கிரான்பரி பிள்ளைங்க பிரின்ஸ்டன் ஹைஸ்கூலுக்கு போற மாதிரி, மில்டவுன் பிள்ளைங்க ஸ்பாட்ஸ்வுட் போற மாதிரி. பொண்ணு அந்த குட்டி ஸ்கூல்ல இருக்கப்போறது ரெண்டே வருஷம், அவளுக்கு நீங்க பாக்க வேண்டியது அந்த ஹைஸ்கூல் ரிப்போர்ட்ட.

லீஸ்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஸ்கூல் ஆபீஸுக்கு ஒரு ஃபோன் போடுங்க. ஹைஸ்கூல் எது, எட்டாவதுல அல்ஜீப்ரா ஒன் இருக்கா, இல்லன்னா தேவைப்படுற பிள்ளைக்கு என்ன ஏற்பாடு, ஈஎஸ்எல் டீச்சர், அதாவது இங்கிலீஷ் புதுசா கத்துக்கிற பிள்ளைங்களுக்கான டீச்சர், தினமும் வர்றாங்களா இல்ல வாரத்துல சில நாள் மட்டுமா, இதெல்லாம் கேளுங்க, சின்ன ஸ்கூல்ல பிரின்சிபலே லைன்ல வந்து பேசுவாங்க. பதில் திருப்தியா இருந்து, வளர்ச்சியும் மூணு வருஷமா 50க்கு மேல இருந்தா அந்த ஊருக்கே போங்க, 700 டாலர் கையில நிக்கட்டும். அல்ஜீப்ரா இல்ல, ஹைஸ்கூலும் சுமார்னா பொண்ணுக்காக பெரிய டிஸ்ட்ரிக்ட்தான், அப்போ அந்த வாடகைக்கு அர்த்தம் இருக்கு.

அட்மிஷன் ஃபார்ம்ல வீட்ல பேசுற மொழி என்னன்னு கேப்பாங்க, தமிழ்னு உள்ளத உள்ளபடி எழுதுங்க. ஒரு சின்ன இங்கிலீஷ் டெஸ்ட் வைப்பாங்க, பையனுக்கு உதவி தேவைன்னா அதுல தெரிஞ்சு முதல் மாசமே ஆரம்பிச்சுடுவாங்க.