லாபம் இருக்கிறது, சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பணம் இல்லை: என்ன செய்வது?

கேள்வி: திருப்பூரில் பனியன் தையல் ஜாப் ஒர்க் (பிறர் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துத் தருவது) செய்கிறேன். ஓராண்டில் மாத பில் 5 லட்சத்திலிருந்து 8 லட்சமாக உயர்ந்திருக்கிறது. 7 லட்சம் லாபம் என்கிறார் ஆடிட்டர். ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு மாதம் இரண்டு முறையாவது கைமாற்று வாங்குகிறேன். வேலை தரும் பார்ட்டிகள் பணம் தர 75 நாள் ஆகிறது. ஒரு ஏஜென்ட் 3 சதவீதக் கமிஷனுக்கு 20 லட்சம் ஓ.டி. (வங்கி ஓவர்டிராஃப்ட், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? பண நெருக்கடியை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: அந்த 7 லட்சம் எங்கே போனது என்பதை முதலில் பார்த்துவிடலாம். மாதம் 5 லட்சத்துக்கு பில் போட்ட காலத்தில், 75 நாள் கடனில் பார்ட்டிகளிடம் நின்ற உங்கள் பணம் சுமார் 12.5 லட்சம். இன்று 8 லட்சத்துக்கு பில் போடுகிறீர்கள். அதே 75 நாளில் நிற்பது 20 லட்சம். ஓராண்டில் கூடுதலாக வெளியே போய் நின்றது 7.5 லட்சம், அதாவது நீங்கள் சம்பாதித்த லாபம் முழுவதும், அதற்கு மேல் கைமாற்றாக வாங்கிய ஐம்பதாயிரமும். பார்ட்டி பணம் தரும் நாள் குறையாமல் ஆர்டர் மட்டும் பெருகினால், பெருகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நீங்கள்தான் முதல் போட வேண்டும். போதாக்குறைக்கு, ஜி.எஸ்.டி. பில் தேதியைத்தான் பார்க்கும், பணம் வந்த தேதியைப் பார்க்காது. ஜவுளி ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம் என்றால், மாதம் 40 ஆயிரம் ரூபாயை, உள்ளீட்டு வரியை (நீங்கள் வாங்கிய பொருளுக்கு ஏற்கெனவே கட்டிய ஜி.எஸ்.டி.யை) கழித்துக்கொண்டாலும் அதில் பெரும்பகுதியை, இன்னும் கைக்கு வராத பணத்துக்காக முன்கூட்டியே கட்டுகிறீர்கள்.

முன்கணிப்பு என்றவுடன் மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு நீள நோட்டில் வரும் 13 வாரங்களுக்குக் கட்டம் போடுங்கள். செலவுப் பக்கம் எளிது: சனிக்கிழமைச் சம்பளம், 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. (காலாண்டுத் திட்டத்தில் இருந்தால் காலாண்டின் முதல் இரு மாதங்களுக்கு 25ஆம் தேதி), வாடகை, கரண்ட் பில், மெஷின் கடன் தவணை ஆகியவற்றை அந்தந்த வாரத்தில் எழுதிவிடலாம். வரவுப் பக்கத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பில்லில் எழுதிய கெடுவையும், "அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன்" என்று பார்ட்டி சொன்ன வார்த்தையையும் ஒதுக்கிவிட்டு, அதே பார்ட்டியின் கடைசி ஐந்தாறு பில்களுக்குப் பணம் வர உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று எண்ணி, அந்த நாளில்தான் வரவை எழுத வேண்டும். பார்ட்டி வருமான வரிக்காகப் பிடித்துக்கொள்ளும் டி.டி.எஸ். (நீங்கள் தனி உரிமையாளர் என்றால் 1 சதவீதம்) போக மீதித் தொகையையே எழுதுங்கள். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் கையிருப்பு எவ்வளவு நிற்கும் என்று கூட்டிக்கொண்டே வந்தால், எந்த வாரத்தில் அது மிகக் கீழே போகிறது என்பது தெரியும். அந்த வாரத்துப் பள்ளம்தான் உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் தொகை. அது 4 லட்சமாகவும் இருக்கலாம், 9 லட்சமாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் 20 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. திங்கட்கிழமைதோறும் பழைய வாரத்தை அடித்துவிட்டு, புதிதாக ஒரு வாரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். அவர் "சாதித்துத் தரும்" 20 லட்சம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சிறு தொழில்களுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுமுதலில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாக (அன்றாடச் செலவைச் சமாளிப்பதற்கான கடனாக) தரலாம் என்பது வங்கிகளில் பல ஆண்டுகளாக இருக்கும் கணக்கு. உங்கள் விற்றுமுதல் 96 லட்சம். அதில் 20 சதவீதம் 19 லட்சத்து 20 ஆயிரம். கால்குலேட்டரில் ஒரு பெருக்கலுக்கு 60 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். சொத்து அடமானம் இல்லாமல் தருவதற்குக் கடன் உத்தரவாத நிதித் திட்டமும் இருக்கிறது. அதற்கும் வங்கி வழியாகத்தான் போக வேண்டுமே தவிர, நடுவில் யாருக்கும் வேலை இல்லை. இதையெல்லாம் உங்கள் கணக்கு இருக்கும் கிளையில் பலகை எழுதி மாட்டியிருக்க வேண்டும். மாட்ட மாட்டார்கள், நான்கு முறை அலையவிடுவார்கள். அந்த அலைச்சல்தான் ஏஜென்டுக்குப் பிழைப்பு.

கமிஷனோடு போனால்கூடப் பரவாயில்லை. ஒரே வாரத்தில் ஏழெட்டு நிறுவனங்களுக்கு உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளுவார்கள்; ஒவ்வொரு விசாரிப்பும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் தகவல் அறிக்கையில் பதிவாகி, உங்கள் மதிப்பெண்ணைக் குறைக்கும். ஓ.டி. என்று சொல்லிவிட்டு, மாதத் தவணைக் கடனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்; ஏற்கெனவே வாரப் பற்றாக்குறையில் இருப்பவருக்கு மாதத் தவணை இன்னொரு ஓட்டை. பெரிய தொகைக்காக, வங்கிக்குக் கொடுக்கும் சரக்கு இருப்பு அறிக்கையில் இல்லாத சரக்கை எழுதச் சொல்வார்கள். வங்கி ஆய்வுக்கு வரும் நாளில் ஏஜென்ட் இருக்க மாட்டார், பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட்டவர் நீங்களாக இருப்பீர்கள். தொகை எழுதாத காசோலை, ஆதார் ஓ.டி.பி., டிஜிட்டல் கையெழுத்து ஆகிய மூன்றும் எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்பவர்களும் இதே கூட்டம்தான். அரசின் தளத்தில் அந்தப் பதிவு முற்றிலும் இலவசம்.

அந்தப் பதிவு உங்களிடம் இல்லையென்றால் இன்றே செய்யுங்கள். வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் உங்களுக்குப் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி.

இதில் ஒரு விதிவிலக்கை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஜாப் ஒர்க் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகிறார்கள். நாள் கணக்கு பில் தேதியிலிருந்து தொடங்குவதில்லை. பார்ட்டி சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து தொடங்குகிறது. சரக்கு கொடுத்த 15 நாளுக்குள் தையலில் குறை என்று அவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்துவிட்டால், அந்தக் குறையை நீங்கள் தீர்த்த நாள்தான் ஏற்றுக்கொண்ட நாளாகிறது. 15 நாளுக்குள் எழுத்தில் எதுவும் வரவில்லை என்றால், சரக்கு கொடுத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஆகவே போனில் சொன்ன குறைக்கோ, இரண்டு மாதம் கழித்துப் பணம் கேட்டவுடன் நீட்டும் டெபிட் நோட்டுக்கோ (தொகையைக் கழிப்பதாகச் சொல்லும் சீட்டுக்கோ) அந்த நாள் கணக்கை நிறுத்தும் சக்தி இல்லை. ஆனால் சரக்கு என்றைக்குப் போனது என்று உங்களால் காட்ட முடிய வேண்டும். ஒவ்வொரு டி.சி.யின் (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலானின்) நகலிலும் பார்ட்டியின் சீல், கையெழுத்து, தேதி மூன்றையும் வாங்கி வையுங்கள். செக்கிங்கில் குறை என்று வாட்ஸ்அப்பில் வந்தாலும் அதை எழுத்தாகவே கருதி, சரிசெய்து அனுப்பிய தேதியை அதே இடத்தில் பதிலாகப் போட்டுவிடுங்கள்.

இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதி மன்றத்தில் புகார் கொடுத்தால் 90 நாளில் முடிவு என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அப்படி முடிந்த வழக்கைப் பார்ப்பது அபூர்வம், அதற்குள் பார்ட்டியும் கைநழுவிவிடுவார். அதைவிட வருமான வரி விதி உங்களுக்குப் பயன்படும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய கெடுவுக்குள் தராத தொகையை, பணம் கொடுக்கும் ஆண்டு வரை பார்ட்டி தன் செலவாகக் காட்ட முடியாது. எனவே பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் நிலுவைப் பட்டியலைப் பார்ட்டிக்கும் அவருடைய கணக்குப் பிரிவுக்கும் அனுப்புங்கள். முதலாளி இழுத்தடித்தாலும் அவருடைய ஆடிட்டர் மார்ச் முடிவதற்குள் கேட்டுவிடுவார்.

நோட்டில் 13 வாரக் கணக்கு தயாரானதும், அதையும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களையும் எடுத்துக்கொண்டு கிளை மேலாளரிடம் நீங்களே போய், பள்ளத்தின் அளவுக்கு மட்டும் கேஷ் கிரெடிட் (ஓ.டி. போலவே தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) கேளுங்கள். 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கிகள் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால், அந்தப் பார்ட்டிகளைப் பட்டியலில் தனியே பிரித்து எழுதிக்கொண்டு போவது நல்லது. தீபாவளி போனஸை மறந்துவிடாதீர்கள். மாதச் சம்பளச் செலவு 5 லட்சம் என்றால், 8.33 சதவீதம் என்ற குறைந்தபட்சக் கணக்கிலேயே ஆண்டுக்கு 5 லட்சம் வரும். வாரம் 10 ஆயிரம் ரூபாயை இந்த வாரம் முதலே வேறொரு கணக்கில் போட்டு வாருங்கள், அந்தக் கணக்கின் காசோலைப் புத்தகத்தை வாங்காமலே விட்டுவிடுங்கள்.