கடும் அழுத்தத்தில் உலோகத்தின் வழியே ஒளி போகுமா? அதை எப்படி அளக்கிறார்கள்?

போகும், சோடியத்தில். 2009-இல் வெளியான ஆய்வில், வளிமண்டலத்தைப் போல் ஏறக்குறைய 20 லட்சம் மடங்கு அழுத்தத்தில் அது ஒளி ஊடுருவும் பொருளாகிவிட்டது.

அளப்பது உலோகத்தின் ஒளியியல் பண்பை, அதாவது விழும் ஒளியில் எவ்வளவைப் பொருள் திருப்பி அனுப்புகிறது, விழுங்குகிறது, உள்ளே விடுகிறது என்பதை. இரண்டு வைர முனைகளுக்கு நடுவே உலோகத் துணுக்கை வைத்து நெருக்குவார்கள். வைரம் கடினமானது, அதைவிட முக்கியம், அதன் வழியே ஒளியைச் செலுத்தித் திரும்பி வருவதையும் கடந்து போவதையும் அளக்கலாம். அழுத்தத்தைச் சொல்வது பொதுவாகப் பக்கத்தில் வைக்கும் மாணிக்கத் துகள்: லேசர் பட்டதும் அது உமிழும் சிவப்பின் அலைநீளம் அழுத்தத்தோடு நகரும்.

உலோகம் பளபளப்பது அதில் திரியும் எலக்ட்ரான்களால். நெரிசல் குறைந்த பேருந்தில் குழந்தைகள் முன்னும் பின்னும் ஓடுவார்கள். கூட்டம் நெருக்கினால் ஆட்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளியிலேயே மாட்டிக்கொள்வார்கள். சோடியத்தின் எலக்ட்ரான்களுக்கும் அதே கதிதான். நகர முடியாததால் ஒளியைத் திருப்பவும் முடிவதில்லை.

நசுங்கி மெலிந்ததால் ஒளி கசிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, சாதாரணச் சோடியம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனிலேயே ஒளியை முழுக்க மறைத்துவிடும்.